பேசாத வீதியில் உன் அம்மா வீடு

என் செல்லச் சண்டைக்காரி ஸ்டெல்லாவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்டுத்தான் எந்தக் கடிதத்தையும் தொடங்கிப் பழக்கம். உன்னிடம் அதைக் கேட்கலாமா, கூடாதா என்று தெரியாமல் ரொம்ப நேரமாகப் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கேட்டே விடுகிறேன். எப்படி இருக்கிறாயடி? அங்கே உன்னோடு வாதம் பண்ண ஆள் கிடைத்தார்களா?

நம் கல்லூரிப் புள்ளியியல் துறையில் ஆண்டு மலர் போடுகிறார்களாம். உன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். பிறந்தாள், படித்தாள், மறைந்தாள் என்று எழுதிப் பார்த்துக் கிழித்துப் போட்டேன். உன்னைப் பற்றி மற்றவர்களிடம் பேச எனக்கு வரவில்லை, உன்னிடம் பேசத்தான் வருகிறது. மற்றவர்களும் கூடவே கேட்டுக்கொள்ளட்டும். நாம் பேசுவதை ஒட்டுக் கேட்காத ஆள் அந்தக் கல்லூரிக் கேன்டீனில் யார் இருந்தார்கள்?

பீளமேட்டு ஆபீசில் உன் நாற்காலியில் புதிதாக வந்த பெண் ஒருத்தி தெரியாமல் உட்காரப் போனாள். நான் போட்ட சத்தத்தில் பாவம், அழுதேவிட்டாள். அப்புறம் நானே டீ வாங்கிக் கொடுத்து அதே நாற்காலியில் உட்கார வைத்தேன். கத்துவதும், பிறகு போய்க் கொஞ்சுவதும் என் குணம் என்று உனக்குத் தெரியாததா? சூலூரில் தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவள் நான், எனக்கு மெதுவாகப் பேச வராது. "தறி நின்னு போச்சு கோமு, மெதுவாப் பேசு" என்று சொல்லி என் வாயை அடைக்க இப்போது யாரும் இல்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், நீ பொறுத்துக்கொள். நாம் இரண்டு பேரும் வேலை பார்த்தது ஓர் இட்லி மாவுக் கம்பெனியில். "டேட்டா சயின்ஸ் படிச்சுப்போட்டு மாவாட்டப் போயிட்டாளுங்க" என்று என் சித்தப்பா கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிக்கிறார். மாவை ஆட்டுவது கிரைண்டர்தான். நாளைக்கு எந்தப் பக்கம் எவ்வளவு மாவு போகும், மழை பிடித்தால் எவ்வளவு குறையும், கம்பெனி எடுக்கப்போகிற முடிவு லாபமா நட்டமா என்று எண்களை வைத்துச் சொல்வது நம் வேலை. எண்கள் வாயைத் திறக்காதபோது, ஒரு சோதனை வைத்துத் திறக்க வைப்பது உன் வேலை. அதில் உன்னை மிஞ்ச ஆள் கிடையாது.

முதலாளி விஜயா மேடம். மில் வைத்திருந்த குடும்பம். மில்லை மூடிய பிறகு அதே இடத்தில் மாவுக் கம்பெனி ஆரம்பித்தவர். நல்ல மனுஷி, ஆனால் எந்த முடிவையும் கோயிலில் பூப் போட்டுப் பார்த்துத்தான் எடுப்பார். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. சாமி முன்னால் வைத்து ஒன்றை எடுத்தால் போச்சு, நினைத்த பூ வந்தால் செய்வார், வராவிட்டால் விடுவார். நீ ஒரு நாள்கூட அவரைக் கேலி செய்ததில்லை. "பூவும் கேளுங்க மேடம், எங்களையும் கேளுங்க" என்பாய். அதனால்தான் நாம் சொல்வதையும் அவர் காது கொடுத்துக் கேட்டார்.

போன ஆடியில் வந்த கேள்வி உனக்கு நினைவிருக்கும். சிங்காநல்லூர், ஒண்டிப்புதூர், சூலூர் பக்கமெல்லாம் நம் மாவை ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுப்பது அக்காக்கள். காலையில் வாசலில் நின்று பெல் அடித்து, மாவைக் கையில் கொடுத்து, நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள். வெளியூரிலிருந்து வந்த ஓர் ஆலோசகர், அதெல்லாம் எதற்கு, ஒவ்வொரு கேட்டிலும் ஒரு பெட்டி மாட்டுங்கள், ஒரே வேனில் போய்ப் போட்டுவிட்டு வந்துவிடலாம் என்று சொல்லிவிட்டார். செலவும் குறையும். மேடத்துக்கு அது பிடித்துப் போயிற்று. வேன் வந்தால் அக்காக்களில் பெரும்பாலானோருக்கு வேலை போகும். மாவு ஆட்டும் இடத்தில் இரண்டு மூன்று பேரை வைத்துக்கொள்ளலாம், மற்றவர்களை வைக்க முடியாது என்று மேடமே சொன்னார்.

முதலில் வாடிக்கையாளர்களைப் போனில் கூப்பிட்டுக் கேட்டோம். பெட்டி வைத்தால் பரவாயில்லையா என்றால் "சரீங்க" என்றார்கள். அக்காவே வந்தால் என்றாலும் "சரீங்க, உங்க சவுரியம்ங்க" என்றார்கள். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "நம்மூர்ல கேள்வி கேட்டா பதில் வராது கோமு, மரியாதைதான் வரும். என்ன சொல்றாங்கன்னு கேக்காத, என்ன பண்றாங்கன்னு பாரு" என்று சொல்லி அன்றைக்கே உட்கார்ந்து சோதனையை வரைந்தாய்.

எவ்வளவு எளிமையாக வரைந்தாய்! வீதிகளின் பெயரைச் சீட்டில் எழுதிக் குலுக்கிப் பாதி வீதிகளைப் 'பேசுற வீதி' என்றாய், மீதியைப் 'பேசாத வீதி' என்றாய். பேசுற வீதியில் எல்லாம் வழக்கம்போல. பேசாத வீதியில் பெல் அடிக்கக் கூடாது, கூப்பிடக் கூடாது, மாவுப் பையைக் கேட்டில் மாட்டிவிட்டுப் போய்விட வேண்டும். சில மாதம் கழித்து இரண்டு பக்கமும் எவ்வளவு மாவு வாங்குகிறார்கள் என்று பார்ப்பது. பேச்சு இல்லாத வீதியில் வாங்குவது குறைந்தால் அக்காக்கள் தேவை. குறையாவிட்டால் வேனே போதும். மேடம் தலையாட்டினார். அக்காக்களைக் கூட்டி விளக்கினாய். அவர்களும் தலையாட்டினார்கள்.

உன் மனசுக்குள் அக்காக்கள் ஜெயிக்க வேண்டும் என்று இருந்தது எனக்குத் தெரியும். ஆனால் சோதனை முடியும் வரை எண்களைத் திறந்து பார்க்கக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாய். பாதியில் எட்டிப் பார்த்தால் பிடித்தது கண்ணில் படும்போது நிறுத்தத் தோன்றும், அப்புறம் அது சோதனையே இல்லை என்பாய்.

ஐப்பசி மழையில் உனக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். வெள்ளிக்கிழமை போனில் என்னோடு சண்டை போட்டாய், நான் கிராஃபுக்கு அடித்த வண்ணம் கண்ணைக் குத்துகிறது என்று. அடுத்த வாரம் நீ இல்லை. இதற்கு மேல் இதைப் பற்றி எழுத என்னால் ஆகாது ஸ்டெல்லா. எழுதினால் இந்தக் கடிதத்தை முடிக்க மாட்டேன்.

சோதனை அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. யாரும் அதை நிறுத்தச் சொல்லவில்லை, எனக்கும் அந்தப் பக்கம் போக மனமில்லை. நீ கடைசியாகக் கைவைத்த கோப்பு அது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் தவணை முடிந்ததும் மேடம் கேட்டார், திறந்தேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தது. பேசுற வீதியில் வாங்கிய அளவே பேசாத வீதியிலும் வாங்கியிருந்தார்கள். எப்படித் திருப்பிப் பார்த்தாலும் வித்தியாசம் என்று சொல்ல ஒன்றும் இல்லை.

உனக்குத் தெரிய வேண்டும் என்பதால் சொல்கிறேன், நான் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. மழை வாரங்களைத் தள்ளிப் பார்த்தேன். சூலூர்ப் பக்கத்தை மட்டும் எடுத்துப் பார்த்தேன். கணக்கை ஒரு இடத்தில் வெட்டினால் அக்காக்கள் அழகாக ஜெயித்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டுவிட்டு அழித்துவிட்டேன். நீ பக்கத்தில் இருந்திருந்தால் என் முதுகில் ஒன்று வைத்திருப்பாய்.

மேடத்திடம் வித்தியாசம் இல்லை என்று சொன்னேன். "அப்ப வேன் எடுத்தறலாமா?" என்றார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. ஆனால் எனக்கு உன் மேல் கோபம் வந்தது. நீ கடைசியாகச் செய்துவிட்டுப் போன வேலை, உங்கள் வீதிக்கு மாவு கொண்டுவருகிற சாந்தாமணி அக்காவையும் மற்ற அக்காக்களையும் வீட்டுக்கு அனுப்பும் வேலையாகவா இருக்க வேண்டும்? அவர்கள் எல்லாரும் உன் அடக்கத்துக்குக் கம்பெனிச் சேலையோடு வந்து நின்றார்களடி.

பிறகுதான் மாதா கோயிலில் உன் நினைவுத் திருப்பலி வந்தது. முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு உன் அம்மா மேரிம்மாவைத் தனியே விட்டுவிட்டு வர எனக்கு மனம் வரவில்லை, அன்றைக்கு உன் வீட்டிலேயே தங்கினேன். அப்பாவும் போய், நீயும் போய், அந்த வீட்டில் அம்மா ஒற்றை ஆளாக இருக்கிறார். டி.வி.யை யாரும் பார்க்காமலே ஓட விட்டிருக்கிறார்.

காலையில் நான் எழுந்து முகம் கழுவும்போது வாசலில் குரல் கேட்டது.

"ஏனுங் மேரிக்கா, மாவு மாட்டிட்டனுங்க. எந்திரிச்சாச்சுங்களா? காபி குடிச்சீங்களா?"

"இன்னும் இல்ல சாந்தாமணி. பால் இப்பத்தான் வெச்சேன்."

"நேத்துச் சொன்ன மாத்தரயப் போட்டீங்களா? கால் வீக்கம் எப்புடி இருக்குதுங்க?"

"கொஞ்சம் வடிஞ்சிருக்கு. சித்தெ உள்ள வந்து உக்காரு."

"இன்னிக்கு நேரமாயிப் போச்சுங்க. நாளைக்கு நேரமே வந்து உக்காந்து பேசறனுங்க. சாப்புடாம மட்டும் இருந்துபோடாதீங்க. வாரனுங்க."

எனக்கு அந்த அக்கா மேல் அப்படி ஓர் அன்பு வந்தது. கண்ணெல்லாம் கலங்கிவிட்டது. துண்டை முகத்தில் வைத்துக்கொண்டே நின்றேன். அப்புறம்தான் சுரீர் என்றது. உன் அம்மா வீதி பேசாத வீதி.

கூடத்துக்கு ஓடிப்போய்க் கேட்டேன். "அம்மா, சாந்தாமணி அக்கா தினமும் இப்படிப் பேசுவாங்களா?"

மேரிம்மா முகம் மாறிவிட்டது. பாலை இறக்கி வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "கோவிச்சுக்காத கண்ணு. ஸ்டெல்லா எங்கிட்டச் சொல்லியிருந்தா, 'அம்மா, கொஞ்ச நாளைக்கு அந்தக்கா பேச மாட்டாங்க, நீங்களும் கூப்புடாதீங்க'ன்னு. அவ இருக்கற வரைக்கும் நானும் கம்முன்னுதான் இருந்தேன். அவள அடக்கம் பண்ணிட்டு வந்த மறுநாள் வெடியால, சாந்தாமணி பைய மாட்டிட்டுக் கேட்டப் புடிச்சுட்டு நின்னு அழுதா. நான் எப்புடிக் கண்ணு போன்னு சொல்லுவேன்? அன்னிக்கிருந்து தெனமும் பேசறா. அவ வர்ற சத்தம் கேட்டாத்தான் எனக்கு எந்திரிக்கவே தோணுது."

நான் என்ன சொல்வேன் ஸ்டெல்லா? சோதனையின் விதியைச் சொல்வேனா? உன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆனால் மண்டைக்குள் வேறொன்று ஓடிக்கொண்டே இருந்தது. சாவு விழுந்த வீடு என்பதால் ஒரு வீட்டில் மட்டும் பேசினார்களா, இல்லை எல்லா வீட்டிலுமா?

கேட்பதற்கும் பயமாக இருந்தது. பேசினோம் என்று அவர்கள் ஒப்புக்கொண்டால், சொன்ன வேலையைச் செய்யவில்லை என்று ஆகும். வேன் வந்துதான் அவர்கள் வேலை போக வேண்டும் என்பதில்லை, இதை வைத்தே மேடம் அனுப்பிவிடலாம். கேட்காமல் விட்டால், வித்தியாசம் இல்லை என்ற பொய்யான பதில் நின்றுவிடும், அதிலும் வேலை போகும். இரண்டு நாள் முழித்துக்கொண்டிருந்துவிட்டு, மாவு பேக் செய்கிற ஷெட்டில் அக்காக்களைக் கூட்டினேன். உங்கள் வேலைக்கு ஒன்றும் ஆகாது என்று வாக்குக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை, அதையும் சொன்னேன். உண்மை தெரிந்தால்தான் என்னால் பேச முடியும், அதனால் கேட்கிறேன் என்றேன்.

முதலில் சாந்தாமணி அக்காதான் வாயைத் திறந்தார். "நான் பேசுனனுங்க அம்மணி. பொய் சொல்ல மாட்டேன்."

அதற்குப் பிறகு மடை திறந்தது. பேபி அக்கா சொன்னார், "வாசக் கூட்டிட்டு நிமுந்து பாத்துச் சிரிக்கறாங்க. மூஞ்சியத் திருப்பிட்டு எப்புடிங் போறது?" இன்னொருவர், "மொதல்ல நாலு நா கம்முன்னுதானுங்க போனேன். அந்தூட்டுக்காரம்மா போன் பண்ணி, 'என்னம்மா, எங்க மேல கோவமா'ன்னு கேட்டுப்போட்டாங்க. அப்பறம் தெனமும் கூப்புட்டுச் சொல்லிப்போட்டுத்தானுங்க வாரேன்" என்றார். பெல் மட்டும் யாரும் அடிக்கவில்லையாம். பெல் அடிக்கக் கூடாது என்று ஸ்டெல்லா அம்மணி சொன்னதால் குரல் கொடுத்தார்களாம். பேசாத வீதி என்று ஒரு வீதிகூட இருக்கவில்லையடி. உன் சோதனை முழுக்க இரண்டு பக்கமும் பேசிக்கொண்டேதான் நடந்திருக்கிறது.

சிரித்தேன், அங்கேயே உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். வாடிக்கையாளர் சொன்ன 'சரீங்க'வை நம்பாமல் அப்படிச் சிரித்தாயே, அக்காக்கள் சொன்ன 'சரீங்க'வை மட்டும் எப்படி நம்பினாய்? நானும்தான் பக்கத்தில் இருந்தேன். ஒரு நாள் ஒரு வீதியில் போய் நின்று பார்க்க வேண்டும் என்று நம் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. வெளியூர்க்காரி யாராவது இருந்திருந்தால் சந்தேகப்பட்டிருப்பாள். நாம் இதே ஊரில் பிறந்தவர்கள், வாசலில் குரல் கொடுப்பதை ஒரு காரியமாகவே நாம் எண்ணியதில்லை.

மேடத்திடம் போய்ச் சொன்னேன். முகம் சிவந்துவிட்டது. "சொன்னாச் சொன்னபடி செய்ய மாட்டாங்களா? யார் யாருன்னு பேரக் குடு."

"எல்லாருமேங்க மேடம். பேர் எழுதறதுன்னா எம் பேர மொதல்ல எழுதிக்கோங்க. போய் நின்னு பாக்காதது நாங்கதான்."

"அது கெடக்கட்டும். ரெண்டு பக்கமும் ஒண்ணுதானே வந்துச்சு? இதுல என்ன இருக்குது திரும்பப் பேச?"

நீயாக இருந்தால் பொறுமையாகப் படம் போட்டு விளக்கியிருப்பாய். எனக்கு வாய்தான் முந்தும். "மேடம், நீங்க பூக் கேக்கப் போறீங்க. பூசாரி தெரியாம ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளப் பூவையே வெச்சுப்போட்டாரு. எதத் தொட்டாலும் வெள்ளதான் வரும். அத வெச்சு ஒரு முடிவு எடுப்பீங்களா?"

மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எடுக்க மாட்டேன். தெரிஞ்சா மறுபடி கேப்பேன்" என்றார். பிறகு, "அந்தப் புள்ள இருந்தா என்ன பண்ணச் சொல்லும்?" என்று கேட்டார். உன்னைத்தான் கேட்டார் ஸ்டெல்லா.

நீ இருந்தால் என்ன சொல்வாய் என்று இரண்டு நாள் யோசித்தேன். பேசுகிறவர்களைப் பேசாதே என்று கட்டிப்போட்டது முதல் தப்பு. மேடம் முடிவு பண்ண வேண்டியது பேச்சா, மௌனமா என்பதை அல்ல. அக்காவா, வேனா என்பதைத்தான். அப்படியென்றால் அதையே வைத்துப் பார்க்க வேண்டும். சில வீதிகளுக்கு வாடகை வேன், கேட்டில் பெட்டி. மற்ற வீதிகளுக்கு அக்காக்கள், அவர்கள் இஷ்டம்போல. இரண்டு பக்கமும் மாவு போகிற நேரம் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நேரத்தால் வந்ததா, ஆளால் வந்ததா என்று தெரியாமல் போகும். வாரத்தில் ஒரு நாள் நானே வீதியில் போய் நின்று பார்ப்பது. நன்றாக வரைந்திருக்கிறேனா? எங்கேயாவது ஓட்டை இருந்தால் கனவிலாவது வந்து சொல்.

மேடம் சித்திரை வரைக்கும் அவகாசம் கொடுத்தார். அதுவரை யாரையும் வீட்டுக்கு அனுப்புவதில்லை. அதற்குப் பிறகு எண்கள் என்ன சொல்கின்றனவோ அதன்படி. அக்காக்களிடம் இதைச் சொன்னபோது பேபி அக்கா, "வேன் ஜெயிச்சுப்போட்டா நீங்களே வந்து சொல்லிருங்க அம்மணி, வேற ஆளு சொன்னா எங்களுக்குத் தாங்காதுங்க" என்றார். சரி என்றேன். அப்போதிருந்து அது என் நெஞ்சில் கல்லாகக் கிடக்கிறது.

நேற்றுச் சீட்டுக் குலுக்கினோம். கம்ப்யூட்டரிலேயே செய்யலாம், ஆனால் உன்னைப் போலவே எல்லார் கண் முன்னாலும் செய்தேன். மாவு அள்ளுகிற குண்டாவில் வீதிப் பெயர்களைப் போட்டுக் கலக்கி, வேன் வீதிகளை நான் ஒவ்வொன்றாக எடுத்துப் படிக்க வேண்டும், உன் நாற்காலியில் உட்காருகிற புதிய பெண் எழுதிக்கொள்வாள். நாலைந்து எடுத்திருப்பேன். அடுத்த சீட்டைப் பிரித்தேன். 'மாதா கோயில் பின் வீதி' என்றிருந்தது.

உன் அம்மா வீதி ஸ்டெல்லா.

சீட்டு என் உள்ளங்கைக்குள் இருந்தது, வேறு யாருக்கும் தெரியாது. மேடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். சாந்தாமணி அக்கா எனக்கு நேர் எதிரில், சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். வாயில் வேறொரு வீதியின் பெயரைச் சொன்னால் முடிந்தது. எத்தனையோ வீதிகளில் ஒன்று மாறினால் உலகம் என்ன மூழ்கிவிடும்? காலையில் அந்தக் குரல் கேட்டால்தான் எழுந்திருக்கத் தோன்றுகிறது என்று சொன்ன ஒரு தாயிடமிருந்து அதையும் பிடுங்க வேண்டுமா? அதுவும் நானா? உன்னையே எடுத்துக்கொண்ட பிறகு இன்னும் எதை எடுப்பார்கள் என்று யார் மேலோ எனக்குக் கோபம் வந்தது.

ஆனால் இதையும் நினைத்தேன். எனக்கு வேண்டிய வீட்டை நான் அக்காக்கள் பக்கம் எடுத்துப் போட்டால், பேபி அக்காவுக்கு வேண்டிய வீதியை ஏன் போடக் கூடாது? அப்புறம் வேன் தோற்றாலும் நாளைக்கு அந்த ஆலோசகர் வந்து, ஆள் பார்த்துப் பிரித்தீர்களா என்று ஒரே கேள்வி கேட்பார். எனக்குப் பதில் இருக்காது. நீ கைவைத்ததைத்தான் ஒரு தடவை பொய்யாக்கிவிட்டார்கள் என்று நொந்துகொண்டேன். இரண்டாவது தடவை என் கையாலேயே பொய்யாக்குவதா? என் குரல்தான் உனக்குத் தெரியுமே, ஷெட் முழுக்கக் கேட்கும்படி படித்தேன்.

சாந்தாமணி அக்கா கழுத்தைத் துடைப்பதை நிறுத்திவிட்டார். எல்லாம் முடிந்த பிறகு பக்கத்தில் வந்தார். "அப்ப மேரிக்கா வீதி எனக்கில்லீங்களா அம்மணி?"

"இல்லீங்கக்கா. சித்திர வரைக்கும்."

"மாவு வேண்டாமுங்க. வேல முடிஞ்சு பொழுதோட சும்மா வந்து எட்டிப் பாத்துட்டுப் போலாமுங்களா?"

"வேண்டாங்கக்கா. அந்த வீதிக்குள்ள நீங்க வந்தா ஒரு வாசல்ல மட்டும் நிக்க மாட்டீங்க. எனக்கே இப்பத்தான் தெரிஞ்சுது."

என்னை ஒரு பார்வை பார்த்தார். உன் அடக்கத்தில் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதவர்தான். "சரீங்க" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இந்தச் 'சரீங்க'வை நான் நம்பப் போவதில்லை, நேரில் போய்ப் பார்க்கத்தான் போகிறேன்.

சாயங்காலமே சிங்காநல்லூருக்கு வண்டியை விட்டேன். மேரிம்மா வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டேன். சொல்ல வந்ததைச் சொல்லாமல் கீரையையே உருவிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது, காம்பும் இலையுமாக எல்லாம் சட்டியில் விழுந்திருந்தது. அவரே கேட்டார். "என்ன கண்ணு, வாயே தொறக்காம இருக்கற? ஒடம்புக்கு என்ன?"

சொன்னேன். சோதனை தப்பாகப் போனது, மறுபடி செய்வது, சீட்டு விழுந்தது, சாந்தாமணி அக்கா இனி வர மாட்டார் என்பது வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். மாற்றியிருக்கலாம், மாற்றவில்லை என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

அவர் கீரையைக் கீழே வைத்தார். "எது வரைக்கும் கண்ணு?"

"ஈஸ்டர் தாண்டிங்கம்மா."

"ஈஸ்டர் தாண்டுனா சாந்தாமணி மறுபடி வருவாளா?"

வருவார் என்று சொல்ல வாய் வந்துவிட்டது. அந்த முகத்தைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் வரும். "தெரியலீங்கம்மா" என்றேன்.

"உனக்கே தெரியாதா?"

"தெரியலீங்கம்மா. எண்ணிப் பாத்தாத்தான் தெரியும்."

"ஏங்கண்ணு, தெரியலைன்னு சொல்றதுக்கா ரெண்டு பேரும் இத்தன படிச்சீங்க?" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார் ஸ்டெல்லா. நீ போன பிறகு உன் அம்மா சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார், அப்படியே அது அழுகையாகிவிட்டது. நானும் கூட அழுதேன். கீரை காற்றில் பறந்து வாசல் முழுக்கக் கிடந்தது, இரண்டு பேரும் அப்புறம் பொறுக்கினோம்.

கிளம்பும்போது கேட் வரைக்கும் வந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அப்ப வெடியால நீ வாரியா?" என்று கேட்டார்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். உனக்கும் சொல்கிறேன். சூலூரிலிருந்து பீளமேட்டுக்குப் போகிற வழிதானே, கொஞ்சம் நேரமே கிளம்பினால் போதும். அம்மா வீட்டு மாவுக் கணக்கை மட்டும் சோதனை ஆரம்பிக்கும் முன்பே விலக்கி எழுதி வைத்துவிட்டேன். நான் தினமும் போய் நிற்கிற வீடு கணக்கில் வரக் கூடாது, மேடமும் கையெழுத்துப் போட்டுவிட்டார். காலையில் கேட்டில் நின்று என் தறிக் குரலில் கூப்பிடுவேன். மாத்திரை போட்டாரா என்று கேட்பேன். சாந்தாமணி அக்கா அளவுக்கு எனக்குப் பதமாகப் பேச வராது, அம்மா பொறுத்துக்கொள்வார். சித்திரையில் எண்கள் எந்தப் பக்கம் விழுந்தாலும், வேன் பக்கமே விழுந்தாலும், ஷெட்டில் அக்காக்கள் முன்னால் நின்று என் வாயாலேயே சொல்வேன். அன்றைக்குச் சாயங்காலம் உன் அம்மாவிடமும் போய்ச் சொல்வேன். அதற்கு மறுநாள் காலையும் அந்தக் கேட்டில் வந்து நிற்பேன், யார் ஜெயித்திருந்தாலும்.

உன் கூடப்பிறவாத அக்கா,
கோமதி